இருபத்தேழாம் எண் தகடு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் நான் இருந்தது நான்கு நாட்கள். அதில் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழித்தேன். டாக்ஸிக்குக் காத்திருந்தேன், மழை விடக் காத்திருந்தேன், சாப்பாட்டுக் கடைக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்க்கக் காத்திருந்தேன். எனக்கு வயது அறுபத்தெட்டு. தூத்துக்குடியிலிருந்து இவ்வளவு தூரம் ஊர் பார்க்க வரவில்லை. ஒரு மனிதரிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தேன். அதைச் சொல்லக் கிளம்புவதற்கே எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. கெடாவுக்கு வந்த பிறகும் மூன்று நாள் ஆயிற்று. ஆகவே அந்த ஊர் டாக்ஸிகளை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

முதல் நாள் சுங்கை பட்டாணியில் விடிந்தது. துணிக்கடைக்கு மேலே இருந்த என் அறையில் மின்விசிறிக்கு மூன்று வேகம் உண்டு, மூன்றும் ஒன்றுதான். காலையில் கீழே இறங்கி, வாழை இலையிலும் செய்தித்தாளிலும் சுற்றிய நாசி லெமாக் வாங்கினேன். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு, நெத்திலி, காரமான சம்பல். நெத்திலியைப் பற்றித் தூத்துக்குடிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று நினைத்திருந்தேன். சோறு நன்றாகத்தான் இருந்தது. தேநீர்தான் பாயசமாக வந்தது. பாலும் சீனியும் இல்லாமல் கேட்டேன். பால் இல்லாமல், சீனியோடு வந்தது. சீனியும் வேண்டாம் என்றேன். கடைக்காரர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

என்னிடம் இருந்த முகவரி பழையது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதியது: சூசை, செமிலிங், பீடோங் வழி, கெடா. பக்கத்து மளிகைக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் வேலாயுதம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அரிசி நிறுத்துக்கொண்டே பேசினார்.

"எந்த சூசை? இங்க கல்ல விட்டா சூசை மேலதான் விழும்."

"கப்பலில் வேலை பார்த்தவர். ஆப்பிரிக்காவில் இருந்தவர். கடலுக்கு நடுவே மேடை போட்டு ராக்கெட் விடுவார்களே, அங்கே."

தராசு நின்றது. "அட, தகடு சூசை. பஸ்ஸுல இருக்கிறாரே. உசுரோடதான் இருக்கார். எங்க உசுரத்தான் எடுக்கிறார். என் மருமக அந்த பஸ்ஸுலதான் பாக்கார் ஆராங் ஃபேக்டரிக்குப் போவுது."

"ஏன் தகடு சூசை?"

"நீங்களே போய்ப் பாருங்க ஐயா. நான் சொன்னா பொய்யிம்பீங்க. கடல்லேருந்து ராக்கெட்டுன்னு அவர் சொல்றதயே நாங்க பொய்யின்னுதான் வச்சிருக்கோம்."

"அது பொய் இல்லை. நானும் அங்கே இருந்தேன்."

வேலாயுதம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரிங்க, சரிங்க. வெயில்ல அலையாதீங்க, உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

அவர் நம்பாததில் தவறில்லை. நானே பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில், கென்யக் கரையிலிருந்து சில மைல் தள்ளி, கடலில் இரும்புக் கால்கள் ஊன்றி இரண்டு மேடைகள் நின்றன. இத்தாலியர்கள் மிதக்கவிட்டு இழுத்துவந்து நிறுத்தியவை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பூமியின் சுழற்சியே ராக்கெட்டைக் கொஞ்சம் தள்ளிவிடும். கிழக்கே வெறும் கடல். எரிந்து முடிந்த துண்டுகள் யார் தலையிலும் விழாது. தங்கள் நாட்டில் இந்த இரண்டு வசதியும் இல்லாததால் அவர்கள் அவ்வளவு தூரம் வந்தார்கள்.

ஏவும் மேடையில் நீளமான குளிர்க்கொட்டகை ஒன்று உண்டு. அதற்குள் ராக்கெட்டைப் படுக்கவைத்திருப்பார்கள். நாள் வந்ததும் வெளியே இழுத்து, தென்னைமர உயரத்துக்கு நிமிர்த்துவார்கள். அதன் காலடியில் மேடையில் பெரிய ஓட்டை. எட்டிப் பார்த்தால் அலை தெரியும். நெருப்பு அதன் வழியே கடலுக்குள் போய்விடும். இன்னொரு மேடையில் கருவிகளும் மனிதர்களும். இரண்டுக்கும் நடுவே கம்பிவடங்கள் ஓடும், ஆட்களைப் படகு ஏற்றி இறக்கும். உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். தினமும் கிரீஸ் தடவுவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள்.

பி.ஏ. படித்துவிட்டு மொம்பாசாவில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நான், ஆட்களை எண்ணும் வேலைக்கு அங்கே சேர்ந்தேன். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளைத் தகடு ஒன்று. ஏவும் மேடைக்குப் போகிறவன் எங்கள் மேடைப் படகுத்துறையில் இருக்கும் பலகையில் தன் தகட்டைத் தொங்கவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் தன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தகட்டை இன்னொருவர் தொடக்கூடாது. பலகை காலியானால்தான் ராக்கெட் கிளம்பும். அந்தப் பலகைக்குப் பொறுப்பு நான். படகில் வடம் பிடிக்கும் வேலை சூசைக்கு. பினாங்கில் கப்பலேறி வந்த கெடாக்காரர், கத்தோலிக்கர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவருடைய எண் இருபத்தேழு. அந்த மேடையில் தமிழ் பேசியது நாங்கள் இருவர்தான். தோட்டத்தில் குமாஸ்தாவைக் கிராணி என்பார்களாம். என்னையும் கிராணி சார் என்றே கூப்பிடுவார்.

செமிலிங் போக டாக்ஸி நிலையத்துக்கு வந்தேன். இங்கே நாலு பேர் சேர்ந்தால்தான் டாக்ஸி கிளம்பும். நான் மூன்றாவது ஆள். நாலாவது ஆள் வரும்போது, இரண்டாவது ஆள் பொறுமையிழந்து போய்விட்டார். மறுபடி மூன்று. இப்படியே மதியம் ஆயிற்று. எங்கள் ஊர் பஸ்ஸில் ஐம்பது பேர் ஏறும் இடத்தில் எண்பது பேர் ஏறுவார்கள். அது தொல்லைதான்; ஆனால் பஸ் கிளம்பிவிடும். நாலு மணிக்கு வானம் கிழிந்ததுபோல் மழை கொட்டியது. டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். நான் துணிக்கடை மாடிக்குத் திரும்பினேன். உண்மையைச் சொன்னால், அன்று போகமுடியாமல் போனதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

இரண்டாம் நாள் ஒருவழியாக நாலு பேர் சேர்ந்தோம். டாக்ஸி செமிலிங்கைத் தாண்டி ஒரு பாலத்தில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஒரு சிகரெட் பற்றவைத்தார். கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு இங்கே கித்தா என்று சொல்லும் ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் சாலையில் நடந்தேன். முதலில் போனது தவறான தோட்டம். அங்கே இருந்தவர் வேறொரு சூசையைக் கூட்டிவந்தார். அந்தச் சூசைக்குக் காது கேட்காது. என்னை இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சரியான தோட்டத்தை அடைந்தபோது மணி இரண்டு. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீடு. வாசலில் மாதா படம், அதன் கீழே ஒரு பழைய கப்பல் வடம் அழகாகச் சுற்றிவைக்கப்பட்டிருந்தது. சூசையின் மனைவி பிலோமினா கதவைத் திறந்தார். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்தவர், கையில் பால் வாடை போகவில்லை. நான் யாரென்று சொன்னதும் அந்த முகம் மாறிய விதத்துக்கு நான் தயாராக இருக்கவில்லை. மகிழ்ச்சியில் மாறியது.

"கிராணி சாரா? கல்யாணமான நாளாக் கேட்ட பேரு. உக்காருங்க சார். பஸ்ஸுக்குப் போயிருக்கு, வந்துரும்."

சோறும் மீன் குழம்பும் வைத்தார். மாங்காய் போட்ட குழம்பு. நாலு நாளில் நான் குறை சொல்ல முடியாத ஒரே சாப்பாடு. அதுதான் எனக்கு இறங்கவில்லை.

"நல்ல மனுசந்தான் சார்" என்று அவரே தொடங்கினார். "ஆனா கதவ நாலு தடவ பாக்கும். பூட்டினேனா, நீ பாத்தியான்னு கேக்கும். அடுப்ப அணச்சியான்னு கேக்கும். பூசைக்கு நடுவுல எழுந்து வீட்டுக்கு ஓடி வந்துருக்கு, விளக்கப் பாக்க. எனக்குக் கோவம் வந்து திட்டினா, 'எம் புத்திய நானே நம்ப முடியாது மினா, ஆப்பிரிக்காவுல என்னா பண்ணேன்னு தெரியும்ல' அப்படிங்கும். அங்க என்னா சார் பண்ணுச்சு?"

நான் தண்ணீர் கேட்டேன்.

அவர் அங்கே என்ன செய்தார் என்பதை இங்கே எழுதுகிறேன். அவர் எதுவும் செய்யவில்லை.

ஏவும் நாளன்று கடைசிப் படகு ஏவும் மேடையிலிருந்து எங்கள் மேடைக்கு வந்தது. எல்லோரும் ஏணியில் ஏறித் தங்கள் தகட்டை எடுத்தார்கள். எங்கள் மேடையில் வேலை இல்லாதவர்களோடு படகு நேரே கரைக்குப் போக வேண்டும். அலை உயரமாக இருந்தது. சூசை முன்வடத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் படகு இரும்புக்காலில் மோதும். ஏறிவந்து தகட்டை எடுக்க வழியில்லை. கீழேயிருந்து கத்தினார்: "கிராணி சார், இருபத்தேழு. நீங்களே எடுத்துடுங்க." நான் எட்டிப் பார்த்துக் கையைத் தூக்கி, "சரி, போ" என்றேன். படகு போனது.

அன்று எனக்கு இன்னொரு வேலை கொடுத்திருந்தார்கள். உள்ளூர் ஆட்களுக்காக, பத்திலிருந்து கீழே எண்ணுவதை ஒலிபெருக்கியில் ஸ்வாஹிலியில் சொல்லும் வேலை. அந்தப் பெருமையில் இருந்தேன். அறைக்குள் போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று 'கூமி, திசா, நானே', பத்து, ஒன்பது, எட்டு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தேழை மறந்தே போனேன்.

மேற்பார்வையாளர் வந்து பலகையில் ஒரு தகடு தொங்குவதைக் கண்டார். இருபத்தேழு எங்கே என்று கேட்டார். படகில் போவதை என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொன்னால், பிறர் தகட்டை எடுப்பதாக ஒப்புக்கொண்டதும் வெளியே வரும். ஒலிபெருக்கி என் கையைவிட்டுப் போகும். "கூட்டத்தில் கவனிக்கவில்லை" என்றேன்.

ராக்கெட்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, இரண்டு பேரை ஏவும் மேடைக்குத் தேட அனுப்பினார்கள். மருந்து நிரம்பிய அந்தத் தென்னையின் காலடியில் அவர்கள் சூசையின் பெயரைக் கூவிக்கொண்டு நடப்பதை நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சூசை கரையிலுள்ள முகாமில் தூங்கிக்கொண்டிருந்தார் என்று தெரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் காற்று எழும்பிவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான்.

விசாரணையில் சூசை, "கிராணி சார்கிட்ட சொன்னேன், சரின்னார்" என்றார். நான், "அலைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, சொன்னதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம்" என்றேன். சூசை என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். யோசனையாகப் பார்த்தார். பிறகு மெல்ல, "சொல்லலியோ என்னவோ" என்றார். மறுநாளே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் ராக்கெட் போனது. நான்தான் எண்ணினேன்.

சூசை நாலு மணிக்கு வந்தார். தலை நரைத்திருந்தது, கைகள் மட்டும் பழைய வடக்காரர் கைகள். என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கிராணி சார். என்னால அங்க உங்களுக்கும் கெட்ட பேரு ஆகியிருக்கும். அத உங்ககிட்ட சொல்லணும்னே இருந்தேன்."

இதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் விடு" என்றேன். பெருந்தன்மையோடு சொன்னேன்.

மழை வந்துவிட்டது. டாக்ஸி இல்லை. அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அவர் கதவைச் சாத்தினார். "பூட்டினேன்ல சார்? பாத்தீங்கல்ல?" என்றார். சற்று நேரம் கழித்து எழுந்துபோய் மறுபடி பார்த்தார். பிறகு மறுபடி. பிறகு என் எதிரே உட்கார்ந்து, பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"எப்படி சார் போச்சு அந்த ராக்கெட்டு? நான் பாக்கலியே."

அத்தனை மாதம் அதற்காக வடம் இழுத்தவர், அது போனதைப் பார்க்கவில்லை. நான் சொன்னேன். முதலில் சத்தமே இல்லை. ஓட்டை வழியே கடல் வெள்ளையாகப் பொங்கி மேடையை மறைத்தது. பிறகுதான் சத்தம் வந்தது, வயிற்றில் குத்துவதுபோல். ராக்கெட் எழும்பிய வேகத்தில், கழுத்தைத் தூக்குவதற்குள் அது கிழக்கே சாய்ந்து சின்னப் பொட்டாகிவிட்டது. ஆவி கலைந்ததும் மீன்கள் செத்து மிதந்தன.

"என்னா மீனு?" என்று பிலோமினா கேட்டார்.

"அதையெல்லாம் பார்க்கவில்லையம்மா."

"அதத்தானே பாக்கணும்" என்றார். சூசை சிரித்தார். அந்தச் சிரிப்பில் நுழைந்து நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை சூசை தான் கண்டக்டராக இருக்கும் பஸ்ஸைக் காட்டுவதாக அழைத்துப் போனார். தோட்டத்துப் பெண்களை பாக்கார் ஆராங்கில் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிக்கு ஏற்றிப்போகும் நீல பஸ். ஓட்டுபவர் பாக் மாட் என்ற மலாய்க்காரர், நாற்பது வருஷம் தோட்டத்தில் இருந்து தமிழை நம்மைப்போலவே பேசுகிறவர். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு பெண்ணின் கழுத்திலும் பால் டின் மூடியை வெட்டி, ஆணியால் எண் குத்திய தகடு. ஃபேக்டரியில் இறங்கும்போது தொங்கவிட வேண்டும். வேலை முடிந்து ஏறும்போது தன் கையாலேயே எடுக்க வேண்டும். பலகை காலியாகாமல் பஸ் நகராது.

"விருந்தாளிக்கும் உண்டு சார்" என்று சூசை என் கையிலும் ஒரு தகட்டைக் கொடுத்தார். எண் முப்பத்தாறு.

"தகடு, தகடு, தினம் தகடு" என்று பாக் மாட் என்னிடம் முறையிட்டார். "முந்தாநாள் அரை மணி லேட்டு. முதலாளி சொல்லிட்டாரு, இன்னொரு நாள் லேட்டானா சூசை வீட்டுக்கு. எனக்கு அவன் வேணும், நல்லவன். ஆனா இந்தப் பலகைய ராத்திரி கனவுலயும் பாக்கிறேன்."

அன்று மதியம் மூன்று மணிக்கு வேலை முடிந்து பெண்கள் ஏறினார்கள். பேச்சு, சிரிப்பு, பௌடர் வாசம். பலகை மளமளவென்று காலியாயிற்று. ஒன்று மட்டும் தொங்கியது. பதினாலு.

"மல்லிகாவுது அண்ணே" என்றாள் முன்சீட்டில் இருந்த சரசு. "அவ அவங்க அண்ணன் மோட்டார்ல போயிட்டா. போலாம் லா."

"போனத நீ பாத்தியா?" என்றார் சூசை.

"போறேன்னு சொன்னா."

"சொன்னது வேற தங்கச்சி. போனத பாத்தியா?"

"ஐயோ அண்ணே, அவ என்னா குழந்தையா? போன வாரமும் இப்படித்தான், எனக்கு வீட்டுக்குப் போயி மாவாட்டணும்."

யாரும் பார்த்திருக்கவில்லை. சூசை இறங்கி ஃபேக்டரி வாசலை நோக்கி நடந்தார். பாக் மாட் எஞ்சினை நிறுத்தி, கைகளை ஸ்டியரிங் மேல் போட்டுத் தலையை அதன்மேல் வைத்துக்கொண்டார். பஸ்ஸுக்குள் வெந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று.

நான் பலகைக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன். சரசு குனிந்து என்னிடம் சொன்னாள். "தாத்தா, உங்களுக்குக் கை எட்டுது. அத எடுத்து உள்ள வச்சுக்குங்க. அவர் வந்ததும் மல்லிகா பின்னாடி இருக்கான்னு நாங்க சொல்லிக்கிறோம். அவர் வேலையும் போகாது, நாங்களும் வீட்டுக்குப் போவோம்."

நல்ல யோசனைதான். கையும் எழுந்துவிட்டது. தகட்டில் விரல் பட்டது. பட்டதும், பதினோரு வருஷத்துக்கு முன் எடுத்திருக்க வேண்டிய தகட்டை எடுக்காத கை, எடுக்கக்கூடாத தகட்டை எடுக்க எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"எட்டலையா?" என்றாள்.

"எட்டுகிறது. எடுக்க மாட்டேன்."

"ஒரு தகடு சூசை பத்தாதுன்னு இந்தியாவுலேருந்து இன்னொண்ணு வந்துருக்கு" என்றாள் பின்னால் யாரோ. பஸ்ஸே சிரித்தது.

நாற்பது நிமிஷம் கழித்து சூசை வந்தார். காவலாளியைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். மல்லிகா அண்ணன் மோட்டார் சைக்கிளில்தான் போயிருக்கிறாள். காவலாளி கண்ணால் பார்த்திருக்கிறார். சூசை அந்தத் தகட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப போலாம்" என்றார்.

தோட்டத்து முனையில் பஸ் முதலாளி சண்முகம் தன் காரில் சாய்ந்துகொண்டு நின்றார். பிலோமினாவும் குடையோடு வந்து நின்றிருந்தார். பெண்கள் இறங்கினார்கள், ஆனால் வீட்டுக்கு அவசரம் என்றவர்களில் ஒருத்திகூடப் போகவில்லை.

"சூசை, என்னா சொன்னேன்?" என்றார் முதலாளி.

"ஒரு தகடு நின்னுச்சு முதலாளி."

"தகடு நின்னுச்சு, பஸ்ஸு நின்னுச்சு, ரெண்டாவது ஷிப்டு பொம்பளைங்க அடுத்த தோட்டத்துல காத்துக்கிட்டு நிக்கிறாங்க. உனக்கு என்னாய்யா வியாதி?"

"என்னால ரெண்டு பேரு செத்துருப்பாங்க முதலாளி. எனக்கு ஞாபகம் சரியில்ல. அதான் கண்ணால பாத்தாத்தான்."

அங்கேதான் சொன்னேன். நல்ல இடம் பார்த்து, நல்ல வார்த்தை தேடிச் சொல்ல வேண்டும் என்று தூத்துக்குடியிலிருந்து யோசித்து வந்தது ஒன்றும் உதவவில்லை. "அவருக்கு ஞாபகம் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன். "அவர் என்னிடம் சொன்னார். நான் சரி என்றேன். பிறகு இல்லையென்று பொய் சொன்னேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

யாரென்று சொன்னேன். படகு, வடம், ஏணி, பலகை, கண்ணாடி முன் நின்றது, விசாரணை, எல்லாவற்றையும் அந்தச் செம்மண் சாலையில் நின்று சொன்னேன். முதலாளி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். "கதை சரி. பஸ்ஸு நாப்பது நிமிஷம் லேட்டு. ரெண்டுக்கும் என்னா சம்பந்தம்?" என்றார்.

சரசு மெல்லக் கேட்டாள். "அப்ப ராக்கெட்டு நெசந்தானா?"

சூசை எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. பஸ் படியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று விசாரணையில் பார்த்த அதே பார்வை.

"கைய தூக்கிக் காட்டுனீங்க."

"காட்டினேன்."

"நீல சட்டை போட்டிருந்தீங்க. கைப்பட்டன் ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு."

"ஆமாம்."

"'சரி, போ'ன்னீங்க."

"சொன்னேன்."

அவர் பிலோமினாவைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. இரண்டு கையாலும் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

பேசியது பிலோமினாதான். குரலை உயர்த்தவில்லை. "ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே சார். பதினோரு வருஷத்துல ஒரு கடுதாசி."

டாக்ஸிகளையும் மழையையும் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன். அந்த நோட்டுப் புத்தகத்து முகவரி எல்லா வருஷமும் என் அலமாரியில்தான் இருந்தது. தபால்காரர் என் வீட்டு வாசலைத் தினமும் தாண்டிப் போனார்.

முதலாளி காரில் ஏறினார். கதவைச் சாத்துமுன், "நாளைக்கு மூணரைக்கு பஸ்ஸு பாலத்தத் தாண்டியிருக்கணும். பலகையோட தாண்டுவியோ பலகை இல்லாம தாண்டுவியோ, எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றும் மழை, அன்றும் டாக்ஸி இல்லை. நான் அநியாயம் செய்த மனிதரின் வீட்டிலேயே, அவர் விரித்த பாயிலேயே படுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு போக்குவரத்தை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை. பிலோமினா சோறு போட்டார். மீன் குழம்பு முந்தின நாளைவிட நன்றாக இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. படுக்குமுன் சூசை எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பாய்க்குத் திரும்பினார். நான் காத்திருந்தேன். பிலோமினாவும் காத்திருந்தார், இருட்டில் அவர் தலையைத் தூக்கிக் கதவைப் பார்ப்பது தெரிந்தது. சூசை எழுந்திருக்கவில்லை.

நாலாம் நாள் காலை அதே நீல பஸ்ஸில் சுங்கை பட்டாணிக்குக் கிளம்பினேன். பலகை பாக் மாட்டின் முதுகுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. மல்லிகா தன் தகட்டுக்காகக் கை நீட்டினாள். சூசை சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பெண்கள் என்னைப் பார்ப்பதும் தங்களுக்குள் குசுகுசுப்பதுமாக வந்தார்கள். சரசு மட்டும் நேராகக் கேட்டாள்.

"தாத்தா, அது போறப்ப நீங்க எண்ணுனீங்களாமே. எப்படி எண்ணுவீங்க?"

எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மறந்துவிட்டது என்று பொய் சொல்லவும் தோன்றவில்லை. "வேண்டாம் அம்மா" என்றேன்.

பஸ் நிலையத்துக்கு முன்னால் எனக்காக நிறுத்தினார்கள். பையை சூசை இறக்கிக் கொடுத்தார்.

"பாஸ்போர்ட் இருக்கா?" என்றார்.

"இருக்கிறது."

அடுத்த கேள்விக்காக நின்றேன். பார்த்தீர்களா, பையில்தான் இருக்கிறதா, திறந்து பார்த்தீர்களா. அவர் கேட்கவில்லை.

அப்போதுதான் முப்பத்தாறாம் எண் தகடு இன்னும் என் கையில் இருப்பது ஞாபகம் வந்தது. இறங்குகிறவன் தொங்கவிட்டுத்தானே போக வேண்டும். படியில் மறுபடி ஏறி, பலகையில் என் ஆணியைத் தேடினேன். சூசை குறுக்கே கை நீட்டினார். நான் செய்ததைக் கேட்ட பிறகு அவர் என்னோடு பேசிய நீளமான பேச்சு இதுதான்.

"தொங்கவிடாதீங்க சார். நீங்களே வச்சுக்குங்க. தொங்கவிட்டுட்டுப் போனா, நீங்க வர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டு நிக்கணும்."

பாக் மாட்டின் சீட்டை இரண்டு முறை தட்டினார். பஸ் கிளம்பியது.